கண்ணாடிப் பேழையும் விரல் நுனியும்

அரிக்கமேட்டில் கிடைத்த மட்கலங்களுள் ‘ரௌலட்டட்’ என்று தொல்லியலார் பெயரிட்டு வழங்கும் வகை ஒன்றுண்டு. ஆழமற்ற தட்டு, உள்நோக்கி வளைந்த விளிம்பு, உட்புறத்து அடித்தளத்தில் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வட்ட வரிகள். உற்று நோக்குவார்க்கு அவை கோடுகள் அல்ல, நுண்ணிய அழுத்தங்களின் அணிவகுப்பு என்பது விளங்கும். சாம்பல் நிறமும் கருநிறமும் கொண்ட அவ்வோடுகளைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு அக்கோலம் எளிதில் பிடிபடுவதில்லை. விரல் நுனிக்கோ தொட்ட அளவிலேயே பிடிபடும். புதுச்சேரியில் பாரதி பூங்காவை அடுத்துள்ள அருங்காட்சியகத்திற்கு அரிக்கமேட்டுப் பொருள்களை நாடிச் செல்லும் கண்பார்வையற்ற ஒருவரை எண்ணிப் பார்த்தால் இதிலுள்ள முரண் புலனாகும். எந்தப் புலனோடு அவ்வோடு நன்றாகப் பேசுமோ, அந்தப் புலனுக்கும் அதற்கும் இடையேதான் கண்ணாடி நிற்கிறது.

கண்ணாடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மனித விரலின் வியர்வையிலுள்ள உப்பும் எண்ணெய்ப் பசையும் செப்புத் திருமேனியை அரிக்கும். பலர் கைபட்ட ஓடு தேயும். கோயில் மண்டபத்துத் தூண் சிற்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைபட்டுப் பட்டு மெருகேறி நிற்பதை அறியாதார் இலர். அங்கே யாரும் தடவிப் பார்த்த கல், அருங்காட்சியகத்திற்குள் வந்ததும் ‘தொடாதே’ என்ற பலகையைத் தாங்குகிறது. மூலப்பொருளைக் காக்கவும் வேண்டும்; கண்ணில்லாதார்க்கு அதனைக் காட்டவும் வேண்டும். இவ்விரண்டையும் இணைக்க எழுந்ததே புடைப்புப் படம் என்னும் தொடுவரைபடக் கலை. அதன் வரலாறு பெரிதும் பிரெஞ்சு நாட்டில் தொடங்குகிறது என்பது, ஏறத்தாழ இரண்டே முக்கால் நூற்றாண்டு அந்நாட்டின் தொடர்புடைய இந்நகரத்தார்க்குத் தனிச்சுவை பயப்பதாகும்.

1749-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயரின் முற்றுகையிலிருந்து புதுச்சேரி மீண்டு ஓராண்டு ஆகியிருந்தது. துய்ப்ளேக்சு ஆளுநர், ஆனந்தரங்கப் பிள்ளை தலைமைத் துபாசி. கண்டதையும் கேட்டதையும் அவர் தம் நாட்குறிப்பில் நாள்தோறும் எழுதிவந்த அதே ஆண்டில், பாரிசில் திதெரோ என்னும் அறிஞர் பார்வையற்றோரைப் பற்றிய ஒரு மடலை நூலாக வெளியிட்டார். புயிசோ என்னும் ஊரைச் சேர்ந்த பார்வையற்ற ஒருவரை அதில் அவர் அறிமுகப்படுத்துகிறார். கண்கள் வேண்டுமா என்று வினவியபோது, கண்களைக் காட்டிலும் நீண்ட கைகளையே தாம் விரும்புவதாக அவர் விடையிறுத்தாராம். நிலவில் நடப்பதைக் கண்ணைவிடக் கையே நன்கு அறிவிக்கும் என்பது அவர் கருத்து. அம்மடல் சமயத்தாரையும் அரசினரையும் சினமூட்டியது. திதெரோ வென்சேன் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். கையும் ஓர் அறிவுக்கருவி, அது கண்ணுக்குப் பதிலி அன்று என்ற எண்ணம் ஐரோப்பாவில் வலுவாக எழுந்தது அந்த நூலால்தான் எனலாம்.

எண்ணம் செயலாவதற்கு மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1771-இல் பாரிசுச் சந்தை ஒன்றில் பார்வையற்றோர் சிலருக்குக் கோமாளித் தொப்பியும் கண்ணில்லாத முகத்தில் அட்டைக் கண்ணாடியும் மாட்டி, இசைக்கத் தெரியாத கருவிகளைக் கையில் கொடுத்து மக்கள் நகைத்தனர். அக்காட்சியைக் கண்டு மனம் நொந்த வாலந்தேன் ஆவுயி, 1784-இல் கோயில் வாயிலில் இரந்துகொண்டிருந்த லெசுயர் என்னும் இளைஞரைத் தம் முதல் மாணவராக்கினார். அடுத்த ஆண்டே பள்ளி தோன்றியது. தடித்த தாளில் அழுந்த அச்சிட்ட எழுத்தொன்றை லெசுயரின் விரல் தற்செயலாக உணர்ந்ததே ஆவுயிக்கு வழி காட்டியது என்று சொல்வர். ஈரத்தாளை எழுத்தச்சின்மேல் அழுத்தி இலத்தீன் எழுத்துகளைப் புடைக்கச் செய்தார் அவர். 1786-இல் அவ்வாறு அச்சிட்ட நூலும் வெளிவந்தது. உலகம் வியந்தது.

மாணவர் வியக்கவில்லை. எழுத்துகள் பெரியனவாதலின் நூல்கள் கனத்தன. வளைவும் கொக்கியும் நிறைந்த எழுத்து ஒவ்வொன்றையும் விரலால் சுற்றி வந்து அறிவதற்குள் சொல்லின் தொடக்கம் மறந்துபோகும். எழுதவோ இம்முறையில் அவர்களால் இயலவே இல்லை. ஆவுயியின் அன்பில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் தம் கண்ணுக்கு அழகாயிருந்த வடிவத்தையே விரலுக்கும் அவர் கொடுத்தார் என்பதை மறைத்தற்கில்லை. பார்ப்பவருக்கு உகந்ததைச் சற்றே உயர்த்திவிட்டால் தொடுபவருக்கும் உகந்துவிடும் என்ற இந்தப் பிழை அவரோடு முடியவில்லை. இன்றைய அருங்காட்சியகப் புடைப்புப் படங்களிலும் அது தலைகாட்டுகிறது.

அப்பள்ளிக்கு 1819-இல் பத்து வயதுச் சிறுவனாக வந்தவர் லூயி பிரெயில். தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் தந்தையின் தோல் ஊசி கண்ணில் பாய்ந்து, புண் மறு கண்ணுக்கும் பரவி, பார்வை முழுதும் போயிற்று. பார்பியே என்பார் வகுத்த பன்னிரு புள்ளி முறை பள்ளிக்கு வந்தது. பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கா என்பதைக் கண்ணுடையவர் எவரும் உணர்ந்திலர். பிரெயிலின் விரல் உணர்ந்தது. அவர் அவற்றை ஆறாகக் குறைத்தார். 1824-இல், பதினைந்தாம் வயதில், முறை உருவாகிவிட்டது, 1829-இல் நூலாயிற்று. அந்த விளக்க நூல் பழைய புடைப்பு இலத்தீன் எழுத்திலேயே அச்சாயிற்று என்பது வரலாற்றின் குறும்பு. கண்ணைக் குத்திய ஊசியை ஒத்த கூர்முனைக் கருவியால்தான் அவர் புள்ளிகளைக் குத்தினார். பனையோலையும் எழுத்தாணியும் அறிந்த நமக்கு அக்கருவி புதிதன்று.

கண்ணுடைய ஆசிரியர்கள் புள்ளிகளை எளிதில் ஏற்கவில்லை. தங்களுக்குப் படிக்க இயலாத எழுத்தை மாணவர் தமக்குள் எழுதிக்கொள்வது அவர்களுக்கு உறுத்தியது. 1840-இல் பள்ளித் தலைவரான துஃபோ அம்முறையை ஒடுக்கினார். மாணவரோ மறைவாக அதனைக் கையாண்டனர். 1844-இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் குவாதே என்னும் துணைத்தலைவர் அதன் திறத்தை அவையினர்க்கு விளக்கினார். பிரெயில் 1852-இல் காசநோயால் மறைந்தார். பிரான்சு அரசு முறையாக அதனை ஏற்றது 1854-இல்.

தமிழ்மண்ணில் தொடுதலால் கற்ற மரபு இதற்கு முன்னரே உண்டு. அந்தகக்கவி வீரராகவ முதலியார் எழுத்துகளைத் தம் முதுகில் பிறர் விரலால் எழுதக் கேட்டுக் கற்றார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. ‘கேட்டு’ என்ற சொல் இங்கே பொருந்தாதுதான். ஆயினும் தோலால் எழுத்தறிதலுக்குத் தமிழில் தனிவினை இல்லை. திருக்கழுக்குன்றப் புராணமும் சேயூர்க் கலம்பகமும் பாடிய அப்புலவரின் முதுகே அவருக்கு ஏடாக இருந்தது. ஆயின் அவ்வேடு நிலைத்து நிற்கவில்லை. ஒருமுறை எழுதியதை மறுமுறை தாமே தடவிப் படிக்க அவருக்கு வழியில்லை. நிலைத்த ஏட்டைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் ஆஸ்க்வித் அம்மையார். 1890-இல் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கான கல்வியைத் தொடங்கிய அவர், புள்ளிமுறையைத் தமிழுக்குப் பொருத்தினார். பிரெஞ்சுக்காரரின் கண்டுபிடிப்பு பிரெஞ்சு ஆட்சிப் புதுச்சேரி வழியாக வராமல், ஓர் ஆங்கிலப் பெண்மணி வழியாகப் பொருநைக் கரைக்கு வந்து சேர்ந்தது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் உருப்பெற்றது. அதில் ‘கெ’ என்று எழுத, அச்சில் முன்னே நிற்கும் கொம்பு மெய்யின் பின்னே செல்லும். ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசை. இலக்கணம் கற்றோர் இதனை மிகவும் விரும்புவர்.

எழுத்து இவ்வாறு விரலுக்கு வந்துவிட்டது. படமும் சிற்பமும் வர நெடுங்காலம் ஆயிற்று. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகர அருங்காட்சியகத்தில் சார்ல்டன் டீஸ் என்பவர் 1906 முதல் பார்வையற்ற சிறுவரையும் முதியோரையும் அழைத்து, பாடம் செய்த விலங்குகளையும் பிற பொருள்களையும் தொட்டறியச் செய்தார். தொட்டுச் சென்ற சிறுவர் அவற்றைக் களிமண்ணில் உருவாக்கிக் காட்டினர். எது புரிந்தது, எது புரியவில்லை என்பதைக் களிமண் காட்டிக்கொடுத்தது. எந்தத் தேர்வுத்தாளும் இவ்வளவு நேர்மையாகக் காட்டியிராது. 1913-இல் அவர் தம் பட்டறிவை உடன் பணியாற்றுவோர்க்கு எடுத்துரைத்தார். ஆனால் தொடர்ந்து செய்வார் அரியராயினர். இத்தாலியில் அங்கோனா நகரத்து ஓமேரோ அருங்காட்சியகம் 1993-இல் தோன்றியது. அதனை எண்ணிச் செயற்படுத்தியோர் பார்வையற்ற கணவன் மனைவி என்பது கருதத்தக்கது. பாரிசின் இலூவர் 1995-இல் தொடு கூடம் ஒன்றைத் திறந்தது. மத்ரீதின் பிராதோ 2015-இல் புகழ்பெற்ற ஆறு ஓவியங்களைப் புடைப்பாக்கித் தொடக் கொடுத்தது.

அதே 2015-இல் புது தில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் ‘அனுபவ்’ என்னும் தொடுகூடம் திறக்கப்பட்டது. யுனெஸ்கோவும் சக்ஷம் முதலிய அமைப்புகளும் துணை நின்றன. அருங்காட்சியகச் செல்வங்களுள் 22 பொருள்களின் படிகள், பிரெயில் குறிப்புகளோடும் ஒலி விளக்கங்களோடும் வைக்கப்பட்டன. இந்தியப் பார்வையற்றோர் தம் நாட்டுக் கலையைத் தம் கையால் அறிய நாட்டின் தலைமை அருங்காட்சியகம் கதவு திறந்த நிகழ்ச்சி அது. அடுத்த ஆண்டு, 2016-இல், நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கலையை அவர்கள் அணுகத்தக்கதாக்குவதை அரசின் கடமைகளுள் ஒன்றாக்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் பார்வைக் குறையுடையோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 22 பொருள்கள் அவர்க்குப் போதுமா என்று கேட்பது எளிது. அந்த 22-உம் வேறெந்த ஊரில் உண்டு என்று கேட்பதே தக்கது.

இனித் தொடுவரைபடம் ஆக்கும் முறையைச் சிறிது நோக்குவோம். அட்டை, நூல், மணல், துணி முதலியவற்றை ஒட்டி மூலவடிவம் ஒன்றைச் செய்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கிப் பரப்பி, அடியிலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டால் தாள் அவ்வடிவத்தைக் கவ்விக்கொள்ளும். ஒரு மூலத்திலிருந்து எத்தனை படியும் எடுக்கலாம். மற்றொரு முறையில் தனிவகைத் தாள் ஒன்று பயன்படுகிறது. அதன் மேற்பூச்சில் நுண்ணிய குமிழ்கள் நிறைந்திருக்கும். அதன்மேல் கருமையால் வரைந்து வெப்பக் கருவிக்குள் செலுத்தினால், கருங்கோடு வெப்பத்தை மிகுதியாக ஏற்கும், அவ்விடத்துக் குமிழ்கள் விரியும், கோடு எழும். புள்ளிகளால் படம் குத்தும் அச்சுக்கருவியும், முப்பரிமாண அச்சும் பின்னர் வந்தவை. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனும் உடன் உழைத்தோரும் பாடநூற் படங்களைத் தொடுவரைபடமாக்கும் பணியை அமைப்பு முறையில் வளர்த்தனர். பார்வையற்ற மாணவர் பலர் அதனால் அறிவியற் படங்களை முதன்முறையாகத் தாமே ‘பார்த்தனர்’.

கருவி கடினமன்று. கடினம் வரைவதில் உள்ளது. விரல் நுனி, இரு புள்ளிகள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விலகினால்தான் அவற்றை இரண்டெனக் கொள்ளும். பிரெயில் புள்ளிகள் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்பதன் காரணம் இதுவே. கண் ஒரு நோக்கில் முழுவதையும் கொண்டு பின் பகுதிகளுக்குச் செல்லும். விரலோ பகுதி பகுதியாகச் சென்று, நினைவில் சேர்த்துச் சேர்த்து, இறுதியில் முழுமையை அடையும். செய்யுளைக் கேட்பவன் நிலையும் அதுதான். கடைசிச் சீர் வரும்வரை பாட்டு முழுதாவதில்லை. ஆகவே ஒரு படத்தைப் புடைப்பாக்குதல் படியெடுத்தல் அன்று, மொழிபெயர்ப்பு. தொலைவிலுள்ளது சிறுத்துத் தோன்றுவது கண்ணின் வழக்கு. விரலுக்கு அது பொய். நிழல் விரலுக்கு இல்லை. நிறத்துக்குப் பதில் சொரசொரப்பும் வழவழப்பும் வர வேண்டும். நெருங்கிய கோடுகளுள் எதைக் கைவிடுவது என்று துணியாதவர் எல்லாவற்றையும் வைத்துவிடுவர். விரலுக்கு அப்போது எதுவும் மிஞ்சாது.

ஆடவல்லான் திருமேனியை எடுத்துக்கொண்டால் இவ்விடர் தெளிவாகும். திருவாசியின் சுடர்கள், விரிசடை, நான்கு கைகள், தூக்கிய இடக்கால், காலடியில் முயலகன். முன்புறத் தோற்றத்தை அப்படியே கோட்டுருவாக்கிப் புடைக்கச் செய்தால், உடலுக்குக் குறுக்கே வரும் முன் இடக்கையும் தூக்கிய காலும் இடையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும். கண்ணுடையவர் அழகிய படம் என்பர், விரலுடையவர் முள்வேலி என்பர். ஆவுயியின் பிழை இங்கே மீண்டும் வருகிறது. வகை தெரிந்தவர் ஒரே தாளில் எல்லாவற்றையும் அடைக்கமாட்டார். முதல் தாளில் வட்டமும் அதனுள் ஊன்றிய வலக்காலும் தூக்கிய இடக்காலும் மட்டும் வரும். அடுத்ததில் கைகள்: பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ, முன் வலக்கையில் அஞ்சேல் என்னும் குறி, தூக்கிய திருவடியைச் சுட்டும் முன் இடக்கை. மூன்றாவதில் சடை. இவற்றின் பக்கத்தில் கையடக்கமான வார்ப்புப் படி ஒன்று. அதற்கும் முன்பாக, வந்தவரையே ஒரு கணம் அந்நிலையில் நிற்கச் சொன்னால் பாதி விளக்கம் முடிந்துவிடும். தன் உடல் அறிந்ததை விரல் விரைந்து அறியும்.

கண்ணுடையவர் எல்லாம் மூலத்தைக் கண்டே சுவைக்கின்றனர் என்றும் கொள்ள வேண்டா. உலகப் புகழ்பெற்ற சிற்பி ரோதேன், சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் பற்றி உருகி எழுதினார். அது அவர் மறைவுக்குப் பின் 1921-இல் வெளிவந்தது. அவர் கண்டவை ஒளிப்படங்கள் மட்டுமே. களிமண்ணில் வாழ்ந்த அக்கைகள் அச்செம்பைத் தொட்டதில்லை. தட்டைத் தாளிலிருந்து முழுமையைக் கற்பனையால் எழுப்பிக்கொண்டார் அவர். தொடுவரைபடத்தைத் தடவும் பார்வையற்றவர் செய்வதும் அவ்வகைப்பட்ட செயலே.

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். தொடுவரைபடத்திற்கு இந்நகரத்தைப்போல் இயைந்த ஊர் அரிது. ஒல்லாந்தர் கைப்பற்றி வைத்திருந்த 1693–1699 காலத்திலேயே வகுக்கப்பட்ட நேர்வீதி அமைப்பு, கிழக்கே கடல், நடுவே வடக்குத் தெற்காக ஓடும் கால்வாய், சுற்றிலும் முட்டை வடிவில் வளைந்த பெருவீதி. கடலை அலைவரியாலும், கால்வாயைப் பள்ளத்தாலும், வீதிகளை நேர்கோட்டாலும் காட்டினால், இரு கைகளுக்குள் அடங்கும் ஒரு தாளில் நகரம் முழுதும் வந்துவிடும். கால்வாய்க்கு ஒருபுறம் பிரெஞ்சுக்காரர் பகுதி, மறுபுறம் தமிழர் பகுதி என்று நகரம் பிரிந்து கிடந்த வரலாற்றை, நூலில் பத்துப் பக்கம் படிப்பதைவிட அப்பள்ளத்தின் குறுக்கே ஒருமுறை விரலை ஓட்டினால் நன்றாக உணரலாம்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்நகரில் வாழ்ந்தார். அவர் நினைவில்லமும் பாவேந்தர் நினைவில்லமும் கவிஞர்கள் நாடிச் செல்லும் இடங்கள். கையெழுத்துப் படிகளை வெப்பத்தால் எழும் தாளில் பதித்துப் புடைப்பாக்கலாம் என்ற கருத்து எவருக்கும் தோன்றக்கூடியதே. அதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பிறவியிலேயே பார்வையற்று, தமிழைப் புள்ளிகளால் மட்டுமே கற்ற ஒருவருக்கு வரிவடிவம் பழகியதன்று. அக்கையெழுத்து அவருக்குக் கோடுகளின் சிக்கலே. இடைவயதில் பார்வை இழந்தவருக்கோ அது பழைய நண்பரின் கைக்குலுக்கல் போன்றிருக்கும். இருவரையும் ‘பார்வையற்றோர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு ஒரே படத்தை நீட்டுவது பொருந்தாது. ஒருவர்க்குப் பிரெயிலில் பாடலும், மற்றவர்க்குப் புடைத்த கையெழுத்தும் வேண்டும்.

அரிக்கமேட்டுப் பொருள்களில் இத்தகைய இடர் குறைவு. ரோமானியப் பேரரசர் அகஸ்டசின் தலை எனக் கருதப்பட்ட உருவம் செதுக்கிய மணியொன்றை 1937-இல் ழூவோ துப்ரே இங்குக் கண்டறிந்தார். 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தனர். குழிவாகச் செதுக்கிய மணியை மெழுகில் அழுத்தினால் உருவம் புடைத்து எழும். தொடுவரைபடத்தின் அடிப்படைத் தொழில்நுட்பம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முத்திரையாக இவ்வூருக்குக் கப்பலில் வந்திருக்கிறது. இத்தாலியக் குயவர் தம் பெயரை அச்சாகக் குத்திய அரெட்டைன் ஓடுகளும் உடன் வந்தன. சுட்ட களிமண்ணில் இவற்றுக்குப் படி செய்தல் அரிய செயலன்று. அரியாங்குப்பத்து ஆற்றங்கரை மண் இன்றும் இருக்கிறது, புதுச்சேரிப் பக்கத்துச் சுடுமண் கலைஞரும் இருக்கின்றனர். தொட்டுத் தேய்ந்தால் வேறொன்று செய்துகொள்ளலாம்.

அவ்வோடுகளுள் தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறப்பட்டவையும் உண்டு. அவற்றின் வடிவத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘க’ என்பது ஒன்றையொன்று வெட்டும் இரு கோடுகள். ‘ர’ என்பது நேரே நிற்கும் ஒற்றைக் கோடு. ஆவுயியின் இலத்தீன் எழுத்துகள் விரலைச் சுற்றவைத்துக் களைப்பூட்டின. நம் இக்கால எழுத்துகளும் வளைவும் சுழியும் மிக்கவை. பிராமியோ விரலுக்கென்றே அமைந்ததுபோல் எளியது. அவ்வோட்டின் படியைச் சற்றே பெரிதாக்கிச் செய்து, பக்கத்தில் அவ்வெழுத்துகளையே பாரதி பிரெயிலில் குத்தி வைத்தால், புள்ளிகளால் மட்டுமே தமிழறிந்த பார்வையற்ற மாணவர் ஒருவர் வலக்கையால் புள்ளியையும் இடக்கையால் கீறலையும் ஒருசேரப் படிப்பார். கலத்துக்கு உரியவன் கூர்முனையால் கீறியபோது அம்முனை சென்ற வழியிலேயே, அதே திசையில், அவர் விரல் செல்லும்.